கடைசியில் ஓடும் பெயர்கள்

அந்தக் கம்பெனியில் எந்த வீடியோ கேமாக இருந்தாலும், தலைவரம்மா முதலிலிருந்து கடைசிவரை தானே ஆடிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர், ஒழுகும் ஏசி ஒன்று என்று அவரும் அவர் தம்பியும் ஆரம்பித்த இடம் இப்போது ஆறு மாடிக் கட்டடமாகிவிட்டது. தலைவரம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. வலது மணிக்கட்டில் வலிக்காகக் கட்டிய பட்டை, கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, எட்டப் பார்வைக்கு இன்னொன்று. ஆனாலும் ஒரு புது ஆட்டம் முடிந்து வந்துவிட்டால் மூன்று நான்கு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துவிடுவார்.

ஆடும்போது திரையைப் பார்த்துத் திட்டுவார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?" என்று அவர் கத்துவது நடைவாசல் வரை கேட்கும். அப்படித் திட்டினால் ஆட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால்தான் வெளியே நிற்பவர்கள் கதவில் காதை வைப்பார்கள்.

இந்த முறை நான்கு நாளும் ஏச்சுக்குக் குறைவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். அதில் படகோட்டும் ஒருத்தி, வீடு வீடாகப் போய் ஆட்களை மீட்கிறாள். ஐந்து வருடம் செய்த ஆட்டம் அது. அதில் தண்ணீர் ஒரு பாத்திரம் மாதிரியே நடந்துகொண்டது. படிக்கட்டில் தயங்கி ஏறியது, சாவித்துவாரம் வழியாகக் கசிந்தது, ஒரு குழந்தையின் செருப்பைத் தூக்கிப்போக மனமில்லாததுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைசிக் கதவு திறந்து வெயில் வந்தபோது தலைவரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியல் ஓடுவதற்காகக் காத்திருந்தார்.

உழைத்தவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிப் போகும் அந்தப் பட்டியலை எல்லோரும் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவார்கள், தலைவரம்மாவும்தான். இந்தத் தடவை அவர் ஒரு பெயரைத் தேடினார். அலுவலகம் முழுக்கத் 'தண்ணிக்காரி' என்று கூப்பிட்ட ஒருத்தியின் பெயர். நான்கு வருடம் அவள் தண்ணீரைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. மழை நாளில் வாளியோடு கட்டட வாசலில் நின்று, தண்ணீர் எப்படித் தெறிக்கிறது என்று படமெடுப்பாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆட்குறைப்பு என்று ஒரே மத்தியானத்தில் நாற்பத்தேழு பேரை அனுப்பினார்களே, அதில் அவளும் ஒருத்தி. செலவைக் குறைக்காவிட்டால் கம்பெனியே மூழ்கிவிடும் என்று துணைத் தலைவர் சொன்னதை நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தலைவரம்மாவும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பட்டியல் ஓடி முடிந்தது. அவள் பெயர் இல்லை.

கண் தவறியிருக்கும் என்று மறுபடி ஓடவிட்டார். இல்லை. நாற்பத்தேழு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஆனால் சட்ட ஆலோசகர் பெயர் இருந்தது. துணைத் தலைவர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. 'சிறப்பு நன்றி' என்ற தலைப்பின் கீழே ஒரு நாயின் பெயரும் இருந்தது. நாய் என்று தெரியாமல் போய்விடக் கூடாது என்று பக்கத்தில் ஒரு சின்னப் பாதத் தடம் வேறு போட்டிருந்தார்கள்.

கோபம் தலைவரம்மாவுக்கு உச்சந்தலையில் ஏறியது. துணைத் தலைவரைக் கூப்பிடச் சொன்னார்.

துணைத் தலைவர் மூன்று வருடத்துக்கு முன்னால் பங்குதாரர்கள் கொண்டுவந்து உட்காரவைத்தவர். குரலை உயர்த்தமாட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் பேசுவார். ஆட்டம் ஆடத் தெரியாது. ஆடிப் பார்த்ததாகச் சொல்லவும் மாட்டார், அந்த மட்டும் நேர்மை.

"தண்ணி செஞ்ச பொண்ணு பேரு எங்க?"

"அவங்க இப்ப வேலையில இல்லையே மேடம். ஆட்டம் வெளியாகிற நாள்ல வேலையில இருக்கிறவங்க பேரு மட்டும்தான் வரும். விதி அது."

"இந்த நாய் யாரு?"

"நம்ம பெரிய பங்குதாரர் வீட்டு நாய். அவருக்கு ஒரு சந்தோஷம்."

"அந்த நாய் நம்ம கம்பெனியில வேலை பாக்குதா?"

துணைத் தலைவர் சிரித்தார். தலைவரம்மா சிரிக்கவில்லை.

"நாலு வருஷம் முதுகு ஒடிய வேலை பார்த்தவளுக்கு இடமில்ல, சோபாவில படுத்துத் தூங்கற நாய்க்கு இடமிருக்கா? யாருய்யா போட்டது இந்த விதியை? எந்தப் புண்ணியவான்?"

துணைத் தலைவர் வெளியே போய், ஐந்து நிமிடத்தில் ஒரு பழைய கோப்போடு வந்தார். நடத்தை விதிகள், பதினான்காவது பத்தி. ஓரம் மஞ்சளாகிப்போன தாள். 'ஆட்டம் வெளியாகும் நாளில் பணியில் இல்லாத எவருடைய பெயரும், காரணம் எதுவாயினும், இறுதிப் பட்டியலில் இடம்பெறலாகாது.' கீழே தேதி, பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே கையெழுத்து.

கையெழுத்து தலைவரம்மாவுடையது.

"நீங்க போட்டதுதான் மேடம்," என்றார் துணைத் தலைவர். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் தலைவரம்மாவை இன்னும் எரித்தது.

அவர் போன பிறகும் தலைவரம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எழுதியவருக்கே மறந்துபோன விதி. விதிதான் யாரையும் மறக்காமல் பத்தொன்பது வருடமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அது ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்டது. அவருடைய தம்பிக்காக.

கம்பெனியின் முதல் மூன்று ஆட்டங்களுக்கும் ப்ரோக்ராம் எழுதியவன் அவன்தான். மூன்றாவது ஆட்டம் வெளியாக மூன்று வாரம் இருந்தது. அவன் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் லீவு வேண்டுமென்று வந்து நின்றான். தலைவரம்மா அப்போது நாள் கணக்காகத் தூங்காமல், கடனும் கெடுவும் நெரிக்க, நெருப்பில் நிற்பவர்போல் நின்றிருந்தார். "நீ அங்க போய்க் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டு நின்னா குழந்தை வளர்ந்துடுமா?" என்று கேட்டுவிட்டார். தம்பி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே ஆத்திரத்தில் அந்த விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்தக் கோபம் ஆறியது, காகிதம் மட்டும் சூடாகவே இருந்திருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இருபத்தாறு வருடமாகக் கூடவே இருக்கும் செயலாளரம்மாவைக் கூப்பிட்டு, இந்த விதியால் இதுவரை எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். செயலாளரம்மா பழைய ஊழியர் பட்டியல்களையும் ஆட்டங்களின் பெயர்ப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வந்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு பேருங்கம்மா."

"எத்தனை?"

"முந்நூத்திப் பன்னிரண்டு. இருபத்தொரு ஆட்டத்துல."

"இத்தனை வருஷமா நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

செயலாளரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இந்த விதியைத் தட்டச்சு அடிச்சதே நான்தாங்கம்மா. அன்னிக்கு நீங்க இருந்த இருப்புல யாரு வாயைத் திறப்பா? அப்புறம் எல்லாருக்கும் பழகிப்போச்சு."

வீட்டில் இதைச் சொன்னபோது, பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர் பேப்பரை மடித்துவைத்தார். "ஊர்ல இருக்கிற சொத்தைப் பல்லையெல்லாம் நான் பிடுங்கினேன். நீ நல்ல பல்லாப் பார்த்துப் பிடுங்கியிருக்க," என்றார். தலைவரம்மா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் பதிலுக்குப் பதில் பேசாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சனிக்கிழமை தண்ணிக்காரியைத் தேடிப் போனார். குளியலறைச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் குளியலறை அளவைக் கேட்டு, எந்த டைல்ஸ் போட்டால் எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டவேண்டும். வரிசையாக நின்ற வாஷ்பேசின்களுக்கு நடுவில், மார்பில் கடைப் பெயர் தைத்த சட்டையோடு அவள் எழுந்து நின்றாள்.

"உன் பேரை எடுத்துட்டாங்கம்மா," என்றார் தலைவரம்மா. "எனக்கு நேத்து முந்தாநாள்தான் தெரியும். மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

"எனக்கு எட்டு மாசமாத் தெரியும் மேடம்." அவள் உட்காரச் சொல்லவில்லை. "பேரு வந்தா பெருமை, வராட்டிப் போகட்டும்னு நினைக்கிறீங்களா? எட்டு இடத்துக்கு இன்டர்வியூ போனேன். நாலு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேக்கறாங்க. தண்ணி பண்ணேன்னு சொல்றேன். பட்டியல்ல உங்க பேரு வருமான்னு கேக்கறாங்க. வராதுன்னு கம்பெனியிலயே எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் யாரு நம்புவா? பொய் சொல்றேன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னான் ஒருத்தன்."

"நான் கடிதம் எழுதித் தர்றேன்."

"முந்நூறு பேருக்கும் எழுதுவீங்களா?"

எண்ணிக்கை அவளுக்கும் தெரிந்திருந்தது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. குழாய் பார்க்க வந்த ஒரு தம்பதி பக்கத்தில் வந்து நிற்க, அவள் "சொல்லுங்க சார்" என்று அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். தலைவரம்மா வாஷ்பேசின்களைக் கடந்து வெளியே வந்து, காரில் ஏறாமல் இரண்டு தெரு நடந்தார். நடக்க நடக்கக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. துணைத் தலைவர்மேல் கோபம், நாய் வளர்ப்பவர்மேல் கோபம், அவற்றையெல்லாம் விடத் தன்மேல் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடு. இத்தனை வருடத்தில் அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்ளாமல் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் பார்த்தால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அவன் இப்போது லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தான். எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் எப்படிப் போகவேண்டும் என்று ப்ரோக்ராம் எழுதுகிற வேலை.

விதியின் நகலை அவன் முன்னால் வைத்தார். அவன் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்குத் தெரியும்க்கா."

"எப்படி?"

"என் பொண்ணுக்கு எட்டு வயசு இருக்கும். அந்த மூணாவது ஆட்டத்தை எப்படியோ தேடிப் பிடிச்சு ஆடினா. எங்கப்பா செஞ்சதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கா. கடைசியில பேரு வரும்னு நாலு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா. அந்தச் சோபாவுலதான். பட்டியல் முடிஞ்சுது. பிள்ளைங்க சிரிச்சுட்டுப் போயிடுச்சுங்க. அவ என்னைப் பார்த்து, 'ஏம்ப்பா பொய் சொன்ன?'ன்னு கேட்டா."

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை அதுதான். அன்று ஆஸ்பத்திரிக்குத் தலைவரம்மா அலுவலகத்திலிருந்து பூங்கொத்து அனுப்பினார். நேரில் போகவில்லை.

"நீ என்ன சொன்ன அவகிட்ட?"

"என்ன சொல்றது? எங்கக்கா கோவக்காரின்னு சொல்லவா? மறந்து விட்டுட்டாங்கம்மான்னேன்." அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "இப்ப எதுக்கு வந்த? மன்னிச்சேன்னு சொல்லணுமா? எனக்கு வரமாட்டேங்குதுக்கா. வந்தா சொல்றேன்."

"சொல்ல வேண்டாம்டா," என்றார் தலைவரம்மா. "கேக்கற யோக்கியதை எனக்கில்ல."

திங்கட்கிழமை இயக்குநர் குழு கூடியது. நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஆட்டத்தை வெளியிடத் தலைவரம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பது ஒன்றுதான் விவாதம். துணைத் தலைவர் தேதிகளைச் சொன்னார். பட்டியலைத் திருத்தினால் மறுபடி சோதிக்கவேண்டும், ஒன்பது நாள் தள்ளிப்போகும், விடுமுறை வியாபாரம் அடிபடும் என்றார்.

"பேரு போடற வேலைக்கு ஒன்பது நாளா?" என்றார் ஒருவர். "யாரும்மா படிக்கிறாங்க அதையெல்லாம்?"

"படிக்கிறாங்க," என்றார் தலைவரம்மா. "எட்டு வயசுப் பிள்ளை படிக்குது. வேலை கொடுக்கறவன் படிக்கிறான். யாருமே படிக்கலன்னா நாய் பேரு எதுக்கு அங்க?"

நாய் வளர்ப்பவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"விதி உங்களோடது," என்றார் துணைத் தலைவர்.

"ஆமாம், என்னோடதுதான். ஆத்திரத்துல எழுதினேன். எழுதினவ தப்புன்னு சொல்றேன். உங்களுக்கு மட்டும் எப்படி அது வேதம் ஆச்சு? நான் எழுதின நல்ல விதி எத்தனை இருந்தது? பிரசவத்துக்கு ஆறு மாச லீவுன்னு எழுதினேன், அதைத் தூக்கிட்டீங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரும் இருக்கக் கூடாதுன்னு எழுதினேன், அதையும் தூக்கிட்டீங்க. என் புத்தி கெட்டுப்போய் எழுதினது ஒண்ணே ஒண்ணு. பார்த்துப் பார்த்து அதை மட்டும் வெச்சிருக்கீங்க!"

பிறகு நாய் வளர்ப்பவர், மிகவும் பரிவாக, உடம்பு முடியாத நேரத்தில் இவ்வளவு பாரம் எதற்கு, ஓய்வைப் பற்றி யோசிக்கலாமே என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. மூன்று வருடமாக அவர்கள் காத்திருந்தது இதற்குத்தான் என்பது தலைவரம்மாவுக்குத் தெரியாததல்ல.

"சரி," என்றார். "போறேன். ஆனா சும்மா போகமாட்டேன். பதினாலாவது விதியை இப்பவே நீக்கணும். இந்த ஆட்டத்துல உழைச்ச அத்தனை பேர் பேரும் வரணும். பழைய ஆட்டத்தைப் புது மெஷினுக்கு மாத்தி விக்கும்போது அதுலயும் விட்ட பேரெல்லாம் வரணும். முதல்ல அந்தக் காகிதத்துல ஏழு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் என் காகிதத்துல போடறேன்."

பேரம் பேசுவார்கள், ஒருவராவது "இருங்கம்மா" என்று சொல்வார் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. பேனாக்கள் வெளியே வந்தன. முப்பத்தொரு வருடத்தை அவர்கள் ஏழு நிமிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு மலிவாகப் போய்விட்டோமே என்ற ஆங்காரத்தில் அவர் கையெழுத்து தாளைக் கிழித்துவிடுவதுபோல் விழுந்தது.

ஒன்பது நாள் பதவி மிச்சமிருந்தது. அந்த ஒன்பது நாளும் அவரும் செயலாளரம்மாவும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் தேடினார்கள். சிலர் அழுதார்கள். சிலர் பாதியில் வைத்துவிட்டார்கள். ஒருவர் அரை மணி நேரம் திட்டினார், தலைவரம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் மனைவி எடுத்தார். "அவர் போய் அஞ்சு வருஷமாச்சு. இப்பத்தான் ஞாபகம் வந்துதா?" என்றார். பிறகு, வைத்துவிடாமல், "போடுங்க. பையன் பார்ப்பான்," என்றார்.

ஆட்டம் வெளிவந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அதைச் செய்தது யார் என்று தேடியவர்களுக்குப் பெயர் கிடைத்தது. இரண்டு மாதத்தில் தண்ணிக்காரிக்கு வேறொரு கம்பெனியில் வேலை அமைந்தது. அவள் தலைவரம்மாவுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வருடம் அந்த மூன்றாவது ஆட்டம் புது மெஷினுக்கு மாறி மறுபடி வந்தது. வெளியான அன்று மத்தியானம் தலைவரம்மாவின் போன் அடித்தது. தம்பி. இருபது வருடத்தில் அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பேரு வந்திருக்குக்கா. பொண்ணு பார்த்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா இனிஷியல் தப்பு. பரவாயில்ல, விடு."

"என்னது! பரவாயில்லையா?" தலைவரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. "அப்பா பேரோட முதல் எழுத்தைத் தப்பாப் போட்டிருக்கானுங்க, பரவாயில்லைங்கற? வை போனை!"

உடனே கம்பெனிக்குக் கூப்பிட்டார். பாட்டு ஓடியது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தவள் புதியவள். செயலாளரம்மா ஓய்வுபெற்றுவிட்டார், துணைத் தலைவர் கூட்டத்தில் இருக்கிறார், புகாரை இணையதளத்தில் பதிவு செய்யலாம் என்று பாடம் ஒப்பித்தாள்.

"நீங்க யார் பேசறீங்க மேடம்?"

"நான் யாரா இருந்தா உனக்கென்னம்மா?" என்றார் தலைவரம்மா. "பேனா இருக்கா கையில? எழுதிக்கோ. நான் சொல்றதை எழுத்துக்கூட்டி எழுதிக்கோ."